குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம்: ஒரு சிறு வரலாறு



பள்ளிகொண்டா பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் என் பழைய மாணவன் ஒருவன் வந்து கும்பிட்டான். ஷூ கம்பெனியில் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் அவன் தள்ளாடி நின்றபோது, நாலு பேர் பார்க்க, "உனக்கெல்லாம் வெட்கம் இல்லையா?" என்று திட்டியவன் நான். இப்போது அவன் சொன்னான்: "நாலு வருஷமா தொடலை சார். ஞாயித்துக்கிழமை எங்க மீட்டிங்குக்கு ஒருமுறை வாங்களேன்." போனேன். எந்த ஊர், யார் யார் இருந்தார்கள் என்று எழுத மாட்டேன். அங்கே கண்டதும் கேட்டதும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதன் வரலாற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை. ராஜாஜி அரசு 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பிறகு சித்தூர், கடப்பா. 1939-ல் நம் வட ஆர்க்காடு மாவட்டம். 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்த்தினார்கள், சில ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981-ல் மறுபடியும் கடை திறந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. கவனித்துப் பாருங்கள், இத்தனை ஆண்டுகளும் நாம் பேசியது கடையைப் பற்றி. திறக்கலாமா, மூடலாமா என்று வாதாடினோம். கடை மூடினாலும் கை நடுங்குகிறவனை என்ன செய்வது என்று அதிகம் யோசிக்கவில்லை.

அதை யோசித்தவர்கள் குடித்தவர்களேதான். அமெரிக்காவில் பில் வில்சன் என்பவர் குடியால் வாழ்க்கையைத் தொலைத்து, ஒருவழியாக விட்டிருந்தார். 1935-ல் ஒரு வியாபார விஷயமாக அக்ரன் என்ற ஊருக்குப் போனார். காரியம் கெட்டது. தங்கியிருந்த ஓட்டலிலேயே மதுக்கூடம். கால் அந்தப் பக்கம் இழுத்தது. 'இப்போது என்னைக் காப்பாற்ற இன்னொரு குடிகாரனிடம் பேச வேண்டும்' என்று தோன்றி, தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கேட்டு, டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரைக் கண்டுபிடித்தார். பாப்பும் பெருங்குடிகாரர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் 1935 ஜூன் 10 தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்த நாள். அவர்கள் புத்தகம் வெளிவந்தது 1939-ல். நம் மாவட்டத்துக்கு மதுவிலக்கு வந்த அதே ஆண்டு!

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957-ல் வந்தது. நம் மாநிலத்தில் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று, 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையின் பணியைத் தொடங்கினார். குடியை நோயாகப் பார்த்து, மருத்துவம், ஆலோசனை, குடும்பத்தாருக்குப் பயிற்சி என மூன்றையும் சேர்த்தார்கள். கிராமங்களில் முகாமும் நடத்தினார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கூட்டத்தில் என்ன நடக்கிறது? கட்டணம் இல்லை. செலவுக்கு அவர்களே விருப்பப்பட்டதைப் போடுகிறார்கள். சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. ஒருவர் எழுந்து பெயர் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குகிறார். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. 'இன்று ஒருநாள் குடிக்க மாட்டேன்', அவ்வளவுதான் உறுதி. வெளியார் வரக்கூடிய திறந்த கூட்டமும் உண்டு, அவர்களுக்கு மட்டுமான கூட்டமும் உண்டு. மனைவி, பெற்றோருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் வகுப்பெடுத்த நான் அன்று ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

உறவுகளுக்குத் தெரியும், 1998-ல் என் சித்தப்பா மகன் போனான். கேட்டவர்களிடம் மஞ்சள் காமாலை என்றோம். பாதிதான் உண்மை. அப்போது சென்னையில் அந்த மருத்துவமனை இருந்தது. காட்பாடியில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் சென்னை. கூட்டிப்போக எனக்குத் தோன்றவில்லை. "மனசு வெச்சா விடலாம்டா" என்று சொல்லிச் சொல்லியே அவனை அனுப்பிவிட்டேன்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் மூன்று விஷயம். ஒன்று, தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டிலேயே திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள். வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்துக்கோ போகலாம். இரண்டு, பக்கத்தில் கூட்டம் எங்கே என்று அங்கேயே விசாரியுங்கள். 14446 என்ற அரசின் இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். மூன்று, ஒருமுறை தவறிக் குடித்துவிட்டார் என்று கைவிடாதீர்கள். தவறி விழுந்து திரும்பி வந்தவர்கள் அந்த அறையில் பலர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

கூட்டம் முடிந்து அவனிடம், "அன்னைக்கு அப்படித் திட்டினது தப்புப்பா" என்றேன். "விடுங்க சார், டீ சாப்பிடலாம்" என்றான். காசும் அவனே கொடுத்தான்.

தனியாகப் பேச நினைப்பவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன். கூட வரவும் தயார்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், பள்ளிகொண்டா.