தன் கதையில் தானே கதாநாயகி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி போன வாரம் ஒரு கதை எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். கதாநாயகிக்கு வயது பதினான்கு. ஆறு மொழி பேசுகிறாள், விமானம் ஓட்டுகிறாள், பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்குகிறாள், கடைசியில் நாட்டையே காப்பாற்றுகிறாள். கதாநாயகியின் பெயருக்கும் பேத்தியின் பெயருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

கல்லூரியில் படிக்கும் பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது சுத்த மேரி சூ!" என்று சிரித்தான். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மேரி சூ யார் என்று பேரனிடமே கேட்டேன். அப்புறம் நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் அந்தக் கதாபாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை எழுதி, சிறு இதழ்களாக அச்சடித்துப் பரிமாறிக்கொள்வார்களாம். அந்தக் கதைகள் பலவற்றில் விண்கலத்துக்கு ஓர் இளம்பெண் புதிதாக வந்து சேருவாள். அவளைப் போல் அழகியும் இல்லை, அறிவாளியும் இல்லை. எல்லோரும் அவள்மேல் பிரியம் வைப்பார்கள். 1973இல் பாலா ஸ்மித் என்ற பெண்மணி இதைக் கேலி செய்து மிகச் சிறிய கதை ஒன்று எழுதினார். அதன் நாயகி லெப்டினன்ட் மேரி சூ, வயது பதினைந்தரை. அன்றிலிருந்து, எழுதுகிறவர் தன்னையே குறையில்லாத நாயகியாக்கிக் கதைக்குள் நிறுத்தினால், அதற்கு மேரி சூ என்றே பெயர் விழுந்துவிட்டது.

பெயர்தான் புதிது. வழக்கம் பழையது. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தில் நான்கு குழந்தைகள் இதையே செய்தார்கள். அவர்களில் மூன்று பேர் பிற்காலத்தில் ஆங்கில இலக்கியத்தில் நிலைத்துவிட்டார்கள். நான் ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவள். ஆங்கில இலக்கியத்தைக் கல்லூரியில் படித்தவள் இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவொர்த் என்று ஒரு மலைக் கிராமம். அங்கே பாதிரியாராக இருந்தவர் பேட்ரிக் பிரான்டே. அவருக்கு ஆறு குழந்தைகள். 1821இல் தாய் இறந்தார். 1825இல் மூத்த பெண்கள் இருவரும், மரியாவும் எலிசபெத்தும், விடுதிப் பள்ளியிலிருந்து காசநோயோடு வீடு திரும்பி, சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். மிஞ்சியவர்கள் சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். மூத்தவள் சார்லட்டுக்கு அப்போது ஒன்பது வயது.

மறு ஆண்டு, 1826 ஜூனில், தந்தை லீட்ஸ் நகரத்துக்குப் போய் வந்தபோது மகனுக்காக ஒரு பெட்டி மரப் பொம்மை வீரர்களை வாங்கி வந்தார். பன்னிரண்டு வீரர்கள். சார்லட் ஒன்றைப் பாய்ந்து எடுத்து, இவர்தான் வெலிங்டன் பிரபு என்றாள். பிரான்வெல் தன்னுடையதற்கு போனபார்ட் என்று பெயர் வைத்தான். தங்கைகளும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வீரர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பலில் போய்க் 'கண்ணாடி நகரம்' என்று ஒரு நாட்டை உண்டாக்குவதாகக் கதை வளர்ந்தது.

அந்தக் கதையில் இந்த நான்கு பேரும் யாராக இருந்தார்கள் தெரியுமா? பூதங்களாக. அலாவுதீன் விளக்கில் வருமே, அந்த மாதிரிப் பூதங்கள். டாலி, பிரானி, எம்மி, ஆனி என்று தங்கள் பெயர்களையே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டார்கள். வானத்திலிருந்து இறங்கி வருவார்கள், நகரங்களை எழுப்புவார்கள், அழிப்பார்கள். போரில் இறந்த வீரர்களைத் திரும்ப உயிர்ப்பிப்பார்கள்.

இதைவிடப் பெரிய மேரி சூ உண்டா? ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு முன்தான் இரண்டு அக்காக்களைப் புதைத்த பிள்ளைகள் இவர்கள். செத்தவரை எழுப்பும் சக்தியைத் தங்களுக்குக் கொடுத்துக்கொண்டதில் அதிசயம் என்ன இருக்கிறது? கையாலாகாத இடத்தில் நிற்கிற பிள்ளைதான் கதைக்குள் போய்ச் சர்வ வல்லமை எடுத்துக்கொள்கிறது. நாம் அதை ஆணவம் என்று நினைத்துவிடுகிறோம்.

அந்த விளையாட்டு எழுத்தாக மாறியது. தீப்பெட்டி அளவுக் காகிதங்களைத் தைத்துப் புத்தகமாக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் 'இளைஞர் இதழ்' நடத்தினார்கள். அப்படி ஒரு குட்டிப் புத்தகம் 2019இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது, ஹாவொர்த் அருங்காட்சியகத்துக்காக 6 லட்சம் யூரோவுக்கு எடுத்திருக்கிறார்கள்!

அடுத்த படி என்ன என்று பார்ப்போம். சார்லட் வளர வளரப் பூதம் மறைந்தது. வெலிங்டனின் மூத்த மகனைப் பெரிய நாயகனாக்கினாள். அவன்தான் பின்னால் அங்கிரியா என்ற நாட்டுக்கு மன்னனாகும் சமோர்னா. அழகன், வீரன், பெண்கள் அவனுக்காக உயிரை விடுவார்கள். ஆனால் கதையைச் சொல்பவன் அவனுடைய தம்பி சார்ல்ஸ். குறும்புக்காரன், அண்ணனின் பகட்டைக் கிண்டல் செய்பவன். இது பெரிய முன்னேற்றம். தான் கனவு காணும் நாயகனைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துச் சிரிக்க அவள் கற்றுக்கொண்டாள்.

கனவு மட்டும் விடவில்லை. 1835இல், பத்தொன்பது வயதில், தான் படித்த பள்ளிக்கே ஆசிரியையாகப் போனாள். மனம் அங்கிரியாவில் இருக்கும்போது ஒரு மாணவி பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதாம். வாந்தி வரும்போல் இருந்தது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஆசிரியர் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். நமக்கும் அப்படிச் சில பீரியடுகள் இருந்திருக்கின்றன!

1836 இறுதியில் அரசவைக் கவிஞர் ராபர்ட் சௌதிக்குத் தன் கவிதையோடு கடிதம் எழுதினாள். இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று 1837 மார்ச்சில் பதில் வந்தது. அவள் மரியாதையாக நன்றி எழுதிவிட்டு, எழுதுவதைத் தொடர்ந்தாள்.

1839இல் எழுதிய ஓர் அங்கிரியாக் கதையில் புதிதாக ஒருத்தி வருகிறாள். பெயர் எலிசபெத் ஹேஸ்டிங்ஸ். குள்ளம், சாதாரண முகம், பள்ளிக்கூடம் நடத்திப் பிழைப்பவள். ஒரு பிரபு அவளை ஆசைநாயகியாக அழைக்கிறான். அவளுக்கும் அவன்மேல் காதல் உண்டு. ஆனாலும் மறுத்துவிடுகிறாள். ராணிகளும் பிரபுக்களும் நிறைந்த கனவு நாட்டுக்குள் கடைசியில் ஒரு வாத்தியாரம்மா நுழைந்துவிட்டாள்! அந்தக் காலத்தில்தான், வெயில் கொளுத்தும் அந்தக் கனவு நாட்டைவிட்டுக் கொஞ்ச காலம் விலகி, மேகம் மூடிய சாதாரண ஊருக்கு வர விரும்புவதாக ஒரு பிரியாவிடைக் குறிப்பும் எழுதினாள்.

1842இல் பிரெஞ்சு கற்க பிரஸ்ஸல்ஸ் போனபோது கான்ஸ்டான்டின் ஹெஜே என்ற ஆசிரியர் கிடைத்தார். கோபக்காரர். ஆனால் அவளுடைய கட்டுரைகளை வரி வரியாகப் படித்தார். நல்ல இடத்தை நல்லது என்றார். தேவையில்லாததை வெட்டச் சொன்னார். அவளை எழுத்தாளர் என்று மதித்துத் திருத்தினார்.

ஊர் திரும்பி எழுதிய முதல் நாவல் 'புரொஃபசர்'. கனவே வேண்டாம் என்று அதில் எல்லாவற்றையும் அடக்கி வாசித்தாள். எந்தப் பதிப்பாளரும் ஏற்கவில்லை. அவள் இறந்த பிறகு 1857இல்தான் அது அச்சானது. கனவை முழுக்க வெட்டி எறிவதும் வழியில்லை என்பதை இதில் பார்க்கிறோம்.

பிறகு வந்ததுதான் 1847 அக்டோபரில் வெளியான 'ஜேன் அயர்'. அது பிறந்த கதையைச் சார்லட்டே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறாள். கதாநாயகி என்றால் அழகியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது தவறு என்று தங்கைகளோடு வாதாடினாளாம். என்னைப் போலவே குள்ளமான, சாதாரண முகமுள்ள ஒருத்தியை நாயகியாக்கிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டாளாம். இதைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்: ஆனால் அதற்குமேல் ஜேன் நான் இல்லை.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை தூரம் எழுதினேன். பூதமாக ஆரம்பித்தவள் தன்னைக் கதையிலிருந்து வெளியேற்றிவிடவில்லை. தன் குள்ளத்தையும் சாதாரண முகத்தையும் கதைக்குக் கொடுத்தாள். அதன்பின் கதாபாத்திரத்தை அதன் வழியில் போகவிட்டாள். பக்கத்தில் மற்ற மனிதர்களுக்கும் இடம் கொடுத்தாள். ஜேனின் பள்ளியில் இருமி இருமி இறக்கும் ஹெலன் பர்ன்ஸ் யார்? இறந்துபோன அக்கா மரியாதான். விளையாட்டில் பொம்மை வீரர்களை எழுப்பிவிட்டவள், கதையில் அக்காவை அக்காவாகவே சாக விட்டாள். அதனால்தான் இன்றும் படிக்கிறவர்கள் அந்தப் பெண்ணுக்காக அழுகிறார்கள்.

1848 செப்டம்பரில் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஆன் என்று எட்டு மாதத்துக்குள் மூவரும் போய்விட்டார்கள். சார்லட்டின் 'வில்லெட்' 1853இல் வெளியானது. அதிலும் ஓர் ஆசிரியைதான் நாயகி. பிரஸ்ஸல்ஸ் ஆசிரியரின் சாயலில் ஒரு காதலனும் உண்டு. முடிவில் அவன் திரும்பி வரும் கப்பலைப் புயல் பிடிக்கிறது. கதையைச் சந்தோஷமாக முடிக்கும்படி வயதான தந்தை கேட்டுக்கொண்டார். சார்லட் முடிவை மூடலாகச் சொன்னாளே தவிர, அவனை மீட்டுக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. ஒரு காலத்தில் இறந்தவர்களை எல்லாம் எழுப்பிய டாலி பூதம்தான் இது!

பிரான்வெலையும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் அக்காவுக்குச் சமமான கற்பனை அவனுக்கு இருந்தது. ஆனால் அங்கிரியாவில் தான் படைத்த கலகக்காரப் பிரபு நார்த்தாங்கர்லேண்டின் பெயரையே புனைபெயராக வைத்துப் பத்திரிகையில் கவிதை வெளியிட்டான். வேலை நிலைக்கவில்லை, குடி சேர்ந்துகொண்டது, முப்பத்தொரு வயதில் முடிந்துவிட்டான். அக்கா தங்கைகளோடு தன்னையும் சேர்த்து அவன் வரைந்த ஓவியம் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் உருவத்தின்மேல் வண்ணம் பூசி ஒரு தூணாக்கி மறைத்திருக்கிறான். காலப்போக்கில் பூச்சு மங்கி, தூணுக்குள் இப்போது ஓர் ஆள் நிழலாகத் தெரிகிறார்.

இனி என் கதை. ஏன் சிரிக்கவில்லை என்று சொல்கிறேன் என்றேனே.

1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை, கட்டுரை நோட்டின் பின்பக்கம் ஒரு கதை எழுதி வைத்திருந்தது. இருபது வயதுக் கலெக்டர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கி, ஆற்றைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள், வெள்ளம் நின்றுவிடுகிறது. கலெக்டருக்கு அந்தப் பிள்ளையின் பெயர்.

நான் அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "கலெக்டரம்மா, முதல்ல வீட்டுப்பாடத்தை முடிங்க" என்றேன். மறுநாள் அந்தப் பக்கங்கள் நோட்டில் இல்லை. அதன்பின் அந்தப் பிள்ளை கேள்விக்குப் பதில் எழுதியதே தவிர, வேறு ஒரு வரி எழுதி நான் பார்க்கவில்லை. வெள்ளத்தில் அவர்கள் வீட்டு மண்சுவர் விழுந்துபோன விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், 'நான் முதலமைச்சரானால்' என்று பரீட்சையில் தலைப்புக் கொடுத்தவர்களும் நாங்கள்தான்.

அந்தக் கதையில் ஒரு வரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் கலெக்டரின் அம்மா அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்க்கிறாள், உள்ளே சேறு. அந்த வரியின் கீழே ஒரு கோடு போட்டு, "இது நன்றாக இருக்கிறது. அம்மா அப்புறம் என்ன செய்தாள்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தால் போதும். ஹெஜே செய்தது அவ்வளவுதான். எனக்கு அது அன்று தெரியவில்லை.

பேத்தியை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவளுடைய நாயகி விமானம் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து பயப்படும் ஒரு தோழி வருகிறாள். பெயர்கூட இல்லை. "இந்தப் பிள்ளை யாரு? ஏன் இவ்வளவு பயப்படுது?" என்று கேட்டேன். பேத்தி ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை கதை எழுதி, அதில் தானே ராஜாவாக நின்றால் சிரித்துவிடாதீர்கள். அந்த ராஜாவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆசிரிய நண்பர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதினால் மகிழ்வேன்.