அடுப்படிச் சிக்கனம்: மிச்சமான பணம் யாருடையது?

1910ஆம் ஆண்டு கல்கத்தாவில் மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் ஒரு சமையற்கலத்தை உருவாக்கினார். உயரமான உருளை. அதன் அடியில் சிறிது கரி, மேலே அடுக்கடுக்காகப் பாத்திரங்கள். அரிசியும் பருப்பும் காய்கறியும் இறைச்சியும் ஒரே நெருப்பின் ஆவியில் வேகும். கரியைப் பற்றவைத்து மூடிவிட்டு வெளியே போனவர் திரும்பி வரும்போது சோறு ஆயத்தமாக இருக்கும். விடுதிகளில் தனித்துத் தங்கிய அலுவலர்களும் மாணவர்களும் இதனை விரும்பி வாங்கினர். ‘இக்மிக் குக்கர்’ என்பது இதன் பெயர். ‘ஹைஜீனிக்’, ‘எகனாமிக்’ என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் வால்களை ஒட்டி இப்பெயர் ஆக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. சுகாதாரம் ஒருபுறம், சிக்கனம் மறுபுறம். இந்திய அடுப்படியைச் சீர்திருத்தப் புறப்பட்ட ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அடுத்த நூறாண்டுகளில் இந்த இரண்டு வாக்குறுதிகளையே மாற்றி மாற்றித் தந்தன. சில வீடுதோறும் புகுந்தன. சில அரசு மானியத்துடன் வந்தும் மூலையில் கிடந்தன. இந்த வேறுபாட்டிற்குக் கருவியின் தரத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

‘சேமிப்பு’ என்னும் தமிழ்ச் சொல் ‘சேமம்’ என்பதிலிருந்து வருவது. பாதுகாப்பாக வைத்தல் என்பதே அதன் அடிப்பொருள். இந்தியில் வழங்கும் ‘பசத்’ எஞ்சியதை, தப்பிப் பிழைத்ததைக் குறிக்கிறது. நம் ‘மிச்சம்’ போல. ஒன்று மிச்சமாக வேண்டுமானால் அது முதலில் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஊர்ப்புறக் காட்டில் பொறுக்கிய சுள்ளிக்கு விலைச்சீட்டு இல்லை. அதைச் சுமந்து வந்த பெண்ணின் உழைப்புக்குக் கூலி இல்லை. ஆகவே அங்கே குறைந்த விறகு எவருடைய பையிலும் பணமாக விழுவதில்லை.

இதனைக் கணக்குத் தெரிந்த ஒருவர் முன்னரே அணுகியிருந்தார். தஞ்சாவூரில் பிறந்து, இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, கொலம்பியாவில் பொருளியல் படித்த ஜே. சி. குமரப்பா, 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தினார். அங்கே மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ உருவானது. ‘மகன் சூலா’ என்னும் புகைபோக்கி அடுப்பும் உருவானது. நிலக்கரியும் பெட்ரோலியமும் தீர்ந்துபோகும் பொருள்கள். ஆண்டுதோறும் விளைவன நிலைப்பவை. ஊர்ப் பொருளியல் பின்னவற்றின்மேல் நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1945இல் வெளிவந்த அவருடைய ‘எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ இதனையே விரித்துரைத்தது. பிற்காலச் சூழலியலாளர்கள் அவரை முன்னோடியாகக் கொள்வது பொருத்தமே. ஆனால் அவர் பேசிய நீண்டகாலக் கணக்கும், மாதக் கடைசியில் மண்ணெண்ணெய்க்குக் காசு தேடும் குடும்பத்தின் கணக்கும் வெவ்வேறு கால அளவில் ஓடுபவை. மகன் தீபம் ஆசிரமங்களைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை.

விடுதலைக்குப் பின் ஆய்வுக்கூடங்கள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தன. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் எஸ். பி. ராஜு பல பாத்திரங்களை ஒருசேர ஏற்றும் நீண்ட மண் அடுப்பொன்றை வடிவமைத்தார். ஒரு நெருப்பின் வெப்பம் பாத்திரங்களின் அடியே ஓடிப் புகைபோக்கி வழியே வெளியேறும். கோடிக்கணக்கானோருக்குப் புகையற்ற அடுக்களை என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஆங்கிலச் சிறுநூல் 1953இல் சென்னையில் வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில், கே. எஸ். கிருஷ்ணன் இயக்குநராக இருந்த தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எம். எல். காய் குழிந்த அலுமினியத் தகடு கொண்ட சூரிய அடுப்பை உருவாக்கினார். எரிபொருள் செலவு அறவே இல்லை. காகிதத்தில் இதைவிடச் சிக்கனமான அடுப்பு இருக்க முடியாது.

ஆயினும் அது விலைபோகவில்லை. காரணங்கள் எளியவை. வெயில் நகர நகரத் தகட்டையும் திருப்ப வேண்டும். ஆகவே சமைப்பவர் உச்சி வெயிலில் அருகிலேயே நிற்க வேண்டும். உழைக்கும் குடும்பம் சமைப்பதோ விடியலிலும் அந்தியிலும். அடுப்பின் விலையை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அது மிச்சப்படுத்துவதாகச் சொன்ன விறகோ பெரும்பாலோருக்கு விலையின்றிக் கிடைத்தது. ஆண் அறிவியலாளர்கள் வெப்பத்தை அளந்தார்கள், வேளையை அளக்கவில்லை என்று சொன்னால் அது கடுமையாக இருக்கலாம், தவறாக இராது.

இதற்கு நேரெதிரான கதை 1959இல் தொடங்குகிறது. ஹாக்கின்ஸ் நிறுவனம் பம்பாயில் தொடங்கப்பட்டதும், சென்னையின் டி.டி.கே. குழுமம் பிரெஸ்டீஜ் அழுத்தச் சமையற்கலனை உற்பத்தி செய்யத் தொடங்கியதும் அந்த ஆண்டை ஒட்டியே. சூலாவுக்குக் கிடைத்ததைப் போன்ற அரசுத் திட்டமோ ஊர் ஊராகச் செய்முறை விளக்கமோ குக்கருக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் இரண்டு தலைமுறைகளுக்குள் அது நடுத்தர வீடுகளின் திருமணச் சீரில் தவறாத பொருளாயிற்று. துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்; குக்கரில் சில விசில்கள். மண்ணெண்ணெயோ எரிவாயுவோ காசு கொடுத்து வாங்கிய வீட்டில் இந்த வேறுபாடு மாதந்தோறும் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த உருளைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், உருளை கூடுதலாகச் சில நாள் ஓடியதே பெரிய மிச்சம். சுற்றுச்சூழல் என்னும் சொல் விளம்பரத்தில் ஒருமுறைகூட வராமலேயே, இந்தியாவில் மிகப் பரவலாக எரிபொருளைக் குறைத்த வீட்டுக் கருவிகளுள் ஒன்றாகக் குக்கர் நிலைபெற்றது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1978இல் அமைக்கப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுக் கழகமும் தன் அறிவுரைகளில் குக்கரைச் சேர்த்துக்கொண்டது: பருப்பை ஊறவையுங்கள், பாத்திரத்தை மூடுங்கள், கொதி வந்ததும் சுடரைக் குறையுங்கள். பாட்டிமார் அறிந்தவைதாம், ஆனால் முதன்முறையாக அவற்றுக்கு அந்நியச் செலாவணி என்னும் தேசியக் காரணம் கிடைத்தது.

சாண எரிவாயுவின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. 1939இல் தில்லி வேளாண் ஆய்வு நிறுவனத்தில் எஸ். வி. தேசாய் செய்த சோதனைகளும், 1950களில் ஜஷ்பாய் படேல் உருவாக்கிய ‘கிராமலட்சுமி’ கலனும் இதன் தொடக்கங்கள். செல்வத்தின் தெய்வம் பெயரிலேயே குடியேறியதைக் கவனிக்கலாம். 1984இல் வந்த சிக்கன வடிவத்திற்கு ‘தீனபந்து’, அதாவது ஏழைகளின் உறவினன், என்று பெயர் சூட்டப்பட்டது. 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையமும், 1981-82 முதல் தேசிய உயிர்வாயுத் திட்டமும் இதனைப் பரப்பின. அறிவியல் வாதம் வலுவானது. சாணத்தை வறட்டியாக எரித்தால் அதன் தழைச்சத்து அடுப்போடு போகும். கலனில் இட்டால் வாயுவும் கிடைக்கும், எஞ்சிய குழம்பு வயலுக்கு எருவுமாகும். ஒரே பொருளில் இரண்டு மிச்சம்.

ஆனால் ஒரு கனமீட்டர் வாயுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். இரண்டு கனமீட்டர் குடும்பக் கலனுக்கு நான்கைந்து மாடுகள். ஏழையின் உறவினன் மாடுள்ளவன் வீட்டு வாசலில்தான் வந்து நின்றான். இதைவிட ஆழமான விளைவொன்றும் இருந்தது. பாதையோரச் சாணம் அதுவரை நிலமற்றோருக்கு விலையில்லா எரிபொருள். கலன் வந்தபின் சாணத்திற்கு மதிப்பு வந்தது; மதிப்பு வந்தபின் அது உரிமையாளனின் கொட்டகையைத் தாண்டவில்லை. ஒரு வீட்டின் மிச்சம் இன்னொரு வீட்டின் செலவாயிற்று. 1970களின் விவாதங்களிலேயே இக்குறை சுட்டப்பட்டது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ‘அஸ்திரா’ என்னும் ஊரகத் தொழில்நுட்ப மையத்தை நிறுவிய அமுல்ய குமார் நாராயண ரெட்டி, இச்சிக்கலைக் கூட்டுக் கலனால் தீர்க்க முயன்றார். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூர் தெரிவு செய்யப்பட்டது. அவரும் அவர் குழுவினரும் செய்த முதல் நற்செயல் கலன் கட்டியதன்று, கணக்கெடுத்தது. யார் எத்தனை மணி நேரம் விறகுக்கும் நீருக்கும் நடக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு ஆற்றல் போகிறது என்பனவெல்லாம் பதிவாயின. ஊரின் ஆற்றலில் மிகப் பெரும்பங்கு விறகு என்பதும், அதனைச் சேர்ப்போர் பெண்களும் சிறாருமே என்பதும் எண்களாக வெளிவந்தன.

பின்னர் நடந்தது இன்னும் படிப்பினை மிக்கது. சமையலுக்கு வாயு தரும் திட்டம் தோற்றது. கிடைத்த சாணம் ஊர் முழுவதற்கும் போதவில்லை. அரைகுறையாக வரும் வாயுவை நம்பி எந்த வீடும் விறகடுப்பைக் கைவிடவில்லை. ஊரார் தமக்கு முதலில் வேண்டியது குடிநீர் என்றனர். 1980களின் பிற்பாதியில் அதே வாயுவால் இயந்திரம் ஓடி, குழாயில் நீரும் வீடுகளில் மின்விளக்கும் வந்தன. சாணம் கொண்டுவந்தவருக்கு எடைக்கேற்பச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. எருக்குழம்பும் அவரவர் பங்குக்குத் திரும்பியது. அத்தொகையைப் பெற்றோரில் பெண்களும் சிறுவர்களும் மிகுதி. விலையில்லாதிருந்த உழைப்பு, மிகச் சிறிய அளவிலேனும், காசாகக் கையில் விழுந்தது.

இந்தப் பாடம் தேசிய அளவில் எட்டவில்லை. 1980களின் தொடக்கத்தில் சண்டிகருக்கு அருகிலுள்ள நாடா என்னும் ஊரில் கட்டடக் கலைஞர் மது சரின் ஊர்ப் பெண்களோடு அமர்ந்து, அவரவர் பாத்திரத்திற்கும் அடுக்களைக்கும் ஏற்ற சூலாவை அவர்களையே கட்டவைத்தார். அந்த ‘நாடா சூலா’வின் உயிர் அளவில் இல்லை, கட்டுபவளுக்கும் சமைப்பவளுக்கும் இடையே நடந்த பேச்சில் இருந்தது. 1983-84இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டமோ இலக்கு எண்களால் நடத்தப்பட்டது. கட்டியவருக்கு அடுப்பொன்றுக்கு இவ்வளவு என்று கூலி. அது எரிகிறதா என்பது அந்தக் கூலியில் சேர்ந்ததில்லை. மரபு அடுப்பின் வெப்பத்திறன் சுமார் 10 விழுக்காடு, நிலையான புதிய அடுப்புக்குக் குறைந்தது 20 என்பது விதி. எனவே விறகு பாதியாகும் என்று கணக்கிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் நீர் கொதிக்கவைத்துப் பெற்ற எண் அது. வீட்டில் புகைபோக்கி அடைத்துக்கொள்ளும், மண் வெடிக்கும், இரண்டாம் குழியில் பாத்திரமில்லாதபோதும் விறகு எரிந்துகொண்டிருக்கும். கவனமாக எரிக்கப்பட்ட மூன்று கல் அடுப்பே சில சமயம் தேவலாம் என்றாகும். 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகப் பதிவாகி, 2002இல் திட்டம் முடிந்தது. அவற்றுள் பல சில ஆண்டுகளுக்கு மேல் எரியவில்லை. பீனா அகர்வால் 1986இலேயே ‘கோல்ட் ஹார்த்ஸ் அண்ட் பேரன் ஸ்லோப்ஸ்’ என்னும் நூலில் இதன் வேரைக் காட்டியிருந்தார்: அடுப்பால் பயன்பெறுபவள் ஒருத்தி, அதற்குப் பணம் தர முடிவெடுப்பவன் வேறொருவன்.

2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தின் வெற்றியை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். 2014இன் தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த எல்இடி விளக்கின் மொத்தக் கொள்முதல் விலை, பெரும் எண்ணிக்கையில் ஏலம் விட்டதால் 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. 60 வாட் குண்டு விளக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 யூனிட். 9 வாட் எல்இடிக்கு 16. வேறுபாடு 90 யூனிட்டுக்கு மேல். மின்கட்டணம் செலுத்தும் வீட்டில் இந்த மிச்சம் அடுத்த பட்டியலிலேயே அச்சாகி வந்தது. எவரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை, சமைக்கும் வேளையை மாற்ற வேண்டியதில்லை. பழைய விளக்கைக் கழற்றிப் புதியதை மாட்டினால் போதும்.

மறு ஆண்டே, 2016 மே முதல் நாளில், ஏழைப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஒளியைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்த இரு பெயர்கள். வீட்டுக்குள் அவற்றின் கணக்கு ஒன்றன்று. இணைப்பு மானியத்தில் வந்தது. மறுநிரப்புக்குக் கையிலிருந்து பணம் வேண்டும். விறகு இன்னும் பட்டியலில் ஏறாத பொருளாகவே இருக்கும் ஊர்களில், தேநீருக்கும் விருந்தினருக்கும் உருளை, அன்றாடச் சோற்றுக்கு விறகு என்று இரண்டு அடுப்புகளும் அடுத்தடுத்து எரிகின்றன. மேலே, புகை படிந்த கூரையில், ஒன்பது வாட் விளக்கு.