கிளர்ச்சியூட்டும் போதைப்பொருள்களும் எச்.ஐ.வி. தொற்றும்

கோகெய்ன், மெத்தாம்பெட்டமின் போன்ற கிளர்ச்சியூட்டும் போதைப்பொருள்கள் எச்.ஐ.வி. தொற்று எய்ட்ஸாக முற்றுவதை விரைவுபடுத்தக்கூடியவை. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி.யோடு சேர்த்துப் பேசப்பட்ட போதை நெடுங்காலம் ஹெராயினும் வலிநிவாரணி ஊசிகளுமே. அவை மயக்கும் வகை. 'ஐஸ்', 'மெத்' எனப்படும் மெத்தாம்பெட்டமின் பிந்தி வந்தது. 2024 மார்ச் 1 அன்று மதுரை ரயில் நிலையத்தில், பொதிகை விரைவு ரயிலில் வந்த பயணியிடமிருந்து வருவாய்ப் புலனாய்வுத் துறை சுமார் 30 கிலோ மெத்தாம்பெட்டமினைக் கைப்பற்றியது. கடத்தல் சரக்கின் எடையை வைத்து ஊரின் பழக்கத்தை அளந்துவிடக் கூடாது என்பது வேறு விஷயம்.

கோகெய்னும் மெத்தும் வெள்ளணுக்களில் வைரஸ் பெருகுவதைத் தூண்டுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அமெரிக்காவின் மயாமியில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், கிராக் கோகெய்ன் பயன்படுத்தியோருக்கு, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200க்குச் சரியும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எச்.ஐ.வி. மருந்து எடுத்துக்கொண்டதைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. ஆகவே 'மாத்திரையை மறந்ததுதான் காரணம்' என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

ஆனாலும் அன்றாடத்தில் பெரிய சேதம் மாத்திரை தவறுவதால்தான். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. எதிர்ப்புச் சிகிச்சை) மையங்களில் கூட்டு மருந்து இலவசம். டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று. அடுத்த முறை வரும்போது டப்பாவில் மிஞ்சியதை எண்ணிப் பார்ப்பார்கள். மெத் எடுத்தவர் இரண்டு மூன்று நாள் தூங்காமல், சாப்பிடாமல் இருப்பார். பிறகு நாள் முழுக்கத் தூங்குவார். மாத்திரை நேரம் அதில் எங்கே நிற்கும்? விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்தை எதிர்க்கும் வைரஸ் தலைதூக்கும். இரண்டாம் கட்டச் சிகிச்சையில் சேரும் ரிட்டோனவிர், ரத்தத்தில் மெத்தின் அளவை ஏற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மெத்தால் இதய, மூளைப் பாதிப்புகளும் கூடும்.

போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டிக் கூட்டு மருந்தைத் தள்ளிப்போடுவது தவறு. பழக்கம் தொடர்ந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. போதைப்பொருள் எடுப்பதை மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது. தொற்றுள்ளவருக்குச் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதை 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' உண்டு. விவரம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.