ஹெல்மெட்ல ஒரு கண்ணு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளித் தள்ளிப் போன மேட்டர் இது. வரலாறுன்னு சொன்னதும் எஸ்கேப் ஆகாதீங்க. இதுல ராஜா ராணி கிடையாது (கடைசில வள்ளல் ஒருத்தர் தலைகாட்டுவார்). வண்டி, கேமரா, அதைக் கட்டின கயிறு, அவ்ளோதான்.

நமக்கு ஊரு நாட்றம்பள்ளி. பொட்டி தட்டறது பெங்களூர்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் தாண்டினா வீடு. வாராவாரம் பல்சர்லதான் பயணம். டோல்கேட்ல டூவீலருக்குக் காசு கிடையாதுங்கிறது கூடுதல் சந்தோஷம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆக்‌ஷன் கேமரா வாங்கி ஹெல்மெட்ல ஒட்டினேன். மே மாச வெயில்ல ஆம்பூர் பிரியாணிக்குக் கிளம்பி வாணியம்பாடி தாண்டும்போது ஒட்டின பசை இளகி, கேமரா ரோட்டுல உருண்டுச்சு. பின்னாடி வந்த லாரி டயர் ஒரு ஜாண் தள்ளிப் போனதால தப்பிச்சது. மலிவு விலை மவுண்ட் வாங்கினது என் தப்பு.

திரும்பி வரும்போது வாணியம்பாடில பெல்ட், செருப்பு தைக்கிற பாய் ஒருத்தர்கிட்ட போனேன்.

"பாய், இதை ஹெல்மெட்டோட சேத்துக் கட்டுற மாதிரி ஒரு வார் தைச்சுக் குடுங்க."

திருப்பித் திருப்பிப் பாத்தார். "இன்னா தம்பி, வெறும் பசைய நம்பி இத்தனாயிரம் ரூபா சாமானை தலைல ஒட்டினு சுத்துறியா?"

எருமைத் தோல்ல வார் வெட்டி, பக்கிள் வச்சு, அரை மணி நேரத்துல குடுத்துட்டார். இன்னிக்கு வரைக்கும் அசையலை. தோல் ஊர்ல பொறந்ததுக்கு இதாவது லாபம்.

அன்னிக்கு ராத்திரி இந்தக் கேமராவோட பூர்வீகத்தைத் தேடிப் படிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு. கோப்ரோ கம்பெனியே பெல்ட்லதாங்க ஆரம்பிச்சிருக்கு! நிக் உட்மேன்னு ஒரு கலிபோர்னியாக்காரர். டாட்காம் காலத்துல ஆரம்பிச்ச கம்பெனி 2001ல ஊத்திக்கிச்சு. 2002ல ஆஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கம் அலைச்சறுக்கு விளையாடக் கிளம்பினார். அலைமேல நிக்கும்போது தன்னையே படம் எடுக்கணும்னு ஆசை, அதனால கேமராவைக் கையோட சேத்துக் கட்ட ஒரு பட்டை செஞ்சார். அவர் யோசிச்சது பட்டையைத்தான். கேமரா அப்புறம் வந்தது. 2004ல வித்த முதல் மாடல் 35 எம்எம் ஃபிலிம் போடுறது, வீடியோவே கிடையாது. 2006ல வந்த டிஜிட்டல் மாடல்ல வீடியோ 10 செகண்ட். அப்புறம் ஒரு ரேஸ் ஸ்கூல்ல காருக்குக் கேமரா வாடகைக்குத் தர்றோம்னு சொன்னப்போ, வேணாம்னுட்டு தன் கேமராவையே காருக்குள்ள கம்பில கட்டி ஓட்டினாராம். அங்கதான் இது கையில மட்டுமில்ல, எதுல வேணா கட்டலாம்னு பல்பு எரிஞ்சிருக்கு. 2009 கடைசில முழு ஹெச்டி மாடல் வந்தது. யூட்யூப் 2005லயே வந்தாச்சு. ரெண்டும் சேந்ததும் உலகத்துல பாதிப் பேர் தலைல கொம்பு மொளைச்சுடுச்சு.

ஆனா ஆசை அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்கு. 1971ல புரூஸ் பிரவுன் எடுத்த 'ஆன் எனி சண்டே' டாகுமெண்டரிதான் பைக் படங்களுக்கெல்லாம் தாத்தா. நடிகர் ஸ்டீவ் மெக்வீன் அதுல வண்டியும் ஓட்டி, அவர் கம்பெனி காசும் போட்டது. ஓட்டுறவங்க ஹெல்மெட்ல கேமரா கட்டி எடுத்திருக்காங்க. ஸ்லோமோஷன் கேமராவுக்கு பட்ஜெட் இல்லாததால, 12 வோல்ட் கேமராவுக்கு 24 வோல்ட் பேட்டரி குடுத்து ஃபிலிமை வேகமா ஓட வச்சாராம் மனுஷன். காலேஜ் லேப்ல நான் இதைப் பண்ணியிருந்தா ஃபைன் கட்டச் சொல்லியிருப்பாங்க.

1976ல பாரிஸ்ல குளோட் லெலுஷ் பண்ணது வேற ரகம். அது கார்தான், ஆனா இன்னிக்கு நாம பாக்குற ரைடு வீடியோவுக்கெல்லாம் அப்பன் அதுதான். மெர்சிடிஸ் முன்பம்பர்ல கேமராவைத் தாழக் கட்டி, விடியக்காலைல சிக்னல் எதையும் மதிக்காம ஊரைக் குறுக்கால கிழிச்சுக்கிட்டுப் போறார். எட்டு நிமிஷம் சொச்சம், ஒரே ஷாட். சத்தம் மட்டும் ஃபெராரி, அப்புறமா சேத்தது. கேமரா ரோட்டை ஒட்டி இருந்தா தரை சர்ருனு ஓடும், 60ல போனாலும் 120 மாதிரி தெரியும். இந்த டெக்னிக் இன்னிக்கும் மாறலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற விஷயம். எதிர்ல வர்றது தெரியாத ஒரு திருப்பத்துல வாக்கி டாக்கியோட ஒரே ஒரு ஆளை நிறுத்தியிருந்தார். ஏதாவது வந்தா சொல்லணும். அந்த வாக்கி டாக்கி வேலையே செய்யலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுதாம். சத்தம் வராததால ரோடு காலின்னு நெனச்சுப் போயிருக்கார்!

1983ல ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸ்ல ஜோயி டன்லப்போட ஹோண்டால கேமரா கட்டி 'வி ஃபோர் விக்டரி'னு ஒரு படம் எடுத்தாங்க. சுத்து ஒண்ணு 60 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் வீடும் கல்சுவருமா இருக்கிற ஊர் ரோடு. அது மூடின ரோடு. மூலைக்கு மூலை கொடியோட ஆளுங்க. 1987ல மார்க் ஷூல்ஸ்னு ஒருத்தர் மலைச்சைக்கிள் ஓட்ட ஹெல்மெட்ல கேமரா மாட்டினப்போ, விஹெச்எஸ் ரெக்கார்டரை முதுகுப் பைல சுமக்க வேண்டியிருந்தது.

இங்க ஒண்ணு கவனிங்க. கேமரா பெருசா இருந்த காலத்துல கூட நாலு பேர் வேணும். கட்ட ஒருத்தர், ஃபிலிம் மாத்த ஒருத்தர், ரோட்டைப் பாக்க ஒருத்தர். அதுல யாராவது ஒருத்தர் "போதும்ப்பா, நிறுத்து"ம்பார். கேமரா தீப்பெட்டி சைசுக்கு வர வர, அந்த ஆளுங்க ஒவ்வொருத்தரா காணாமப் போயிட்டாங்க. வாக்கி டாக்கி கெட்டுப்போகவே வேணாம், பிடிக்கிற ஆளே இல்ல.

அதுக்காக கேமராவே வில்லன்னு சொல்ல வரலை. 2010 மார்ச்ல அமெரிக்காவோட மேரிலாண்ட்ல ஆந்தனி கிரேபர்னு ஒரு பைக்காரர் வேகமா போய் மாட்டினார். மஃப்டில இருந்த போலீஸ்காரர் கார்லேர்ந்து துப்பாக்கியோட இறங்கினது ஹெல்மெட் கேமராவுல பதிவாயிடுச்சு. அவர் யூட்யூப்ல போட்டதும், ஒட்டுக்கேட்புச் சட்டத்துல கேஸ் போட்டாங்க. அதே செப்டம்பர்ல ஜட்ஜ் அதைத் தள்ளுபடி பண்ணிட்டார். அவர் ஓட்டின வேகத்துக்கும் அந்தக் கேமராதான் சாட்சி, போலீஸ் நடந்துக்கிட்டதுக்கும் அதேதான் சாட்சி.

நம்ம ரோட்டுக்கு வருவோம். எங்க ஊர் வழியா போற சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலைல, காஞ்சிபுரம் பக்கம் பாலுசெட்டிசத்திரத்துல, 2023 செப்டம்பர் 17ஆம் தேதி யூட்யூபர் டிடிஎஃப் வாசன் வீலிங் முயற்சில விழுந்து கை உடைஞ்சது. கைதாகி புழல் போனார். அக்டோபர்ல ஜாமீன் மனு வந்தப்போ, வண்டிய எரிச்சிடணும், சேனலை மூடணும்கிற ரேஞ்சுக்கு ஹைகோர்ட் கண்டிச்சது. லைசென்ஸ் 10 வருஷத்துக்கு ரத்து. நவம்பர்ல ஜாமீன் கிடைச்சது. அதே வருஷம் மே மாசம் யமுனா எக்ஸ்பிரஸ்வேல அகஸ்தய் சவுகான்னு ஒரு யூட்யூபர் பையன் சூப்பர் பைக்ல போய் செத்தே போயிட்டான். கேரளாவுல 2022லயே ஹெல்மெட்ல கேமரா வச்சா 1000 ரூபா ஃபைன், மூணு மாசம் லைசென்ஸ் சஸ்பெண்ட்னு சொல்லிட்டாங்க. இதையெல்லாம் படிச்சுட்டு "பசங்க கெட்டுப் போயிட்டாங்க"னு எழுதத்தான் உக்காந்தேன்.

அதுக்கு முன்னாடி என் பழைய ஃபுட்டேஜை ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது.

ஏலகிரி மலைப்பாதைல 14 கொண்டை ஊசி வளைவு. ஏழுக்குப் புலவர்கள் பேரு, ஏழுக்குக் கடையேழு வள்ளல்கள் பேரு. பாரி வளைவுக்கு முன்னாடி எனக்கு முன்னால ஒரு பஸ். வீடியோல 20 செகண்ட் வெறும் பஸ் முதுகு. அடுத்த செகண்ட் நான் வலது பக்கம் ஏறிப் போறேன். மேலேர்ந்து ஒரு மினி வேன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இறங்குது, எப்படியோ உள்ள நுழைஞ்சுட்டேன். எனக்கு அவசரம் எதுவும் இல்ல. லீவு நாள். பஸ் ஃப்ரேமை மறைச்சது, அவ்ளோதான் காரணம். பாரி முல்லைக்குத் தேர் குடுத்தார், நான் ஒரு ஷாட்டுக்கு உசுரையே குடுத்திருப்பேன். இத்தனைக்கும் அந்த வீடியோவை மொத்தம் நாப்பது பேர் பாத்திருப்பாங்க. அதுல பத்து நானே.

பக்கத்துல உக்காந்து பாத்த சித்தி பையன், இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம், லைசென்ஸ் வாங்கி மூணு மாசம். "அண்ணா, செம! அந்த பஸ் கட்டு இன்னொரு தடவை போடேன்"னான். அப்புறம் மெதுவா, "அண்ணா, வர்ற ஞாயித்துக்கிழமை கேமரா தர்றியா?"

ஒரு நிமிஷம் என்ன சொல்றதுன்னே தெரியலை. தர மாட்டேன்னா ஃபோனை டேங்க்ல கட்டிக்கிட்டுப் போவான், எனக்குத் தெரியும். நானும் வர்றேன்டான்னேன். அவன் ஓட்ட, நான் பின்னாடி உக்காந்து கையில கேமரா பிடிச்சுக்கிட்டேன். பாயோட வார் இப்போ என் மணிக்கட்டுல. பொன்னேரிலேர்ந்து மேல வரைக்கும் முன்னால ஒரு பஸ். அவன் ஹாரனை அமுக்கும்போதெல்லாம் நான் அவன் தோளைத் தட்டினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா, முக்கால்வாசி நேரம் பஸ்ஸோட பின்பக்க நம்பர் பிளேட்டும் ஒரு நகைக்கடை விளம்பரமும்தான் தெரியுது.

"மொக்கையா இருக்குண்ணா"ன்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டான்.