பதிவும் தொகுப்பும்

1955ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் பாலிங்கில், ஒரு பள்ளிக்கூடத்தில் நடைபெற்ற பேச்சுவார்த்தை மலாயா வரலாற்றில் நிலைபெற்றதாகும். ஒருபுறம் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோர். மறுபுறம் காட்டினின்று வந்த சின் பெங், சென் தியென், ரஷீத் மைதீன் ஆகியோர். உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும் அங்கு எடுக்கப்பெற்ற செய்திப்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றைப் பேணியோரின் உழைப்போடு படச்சுருளின் எளிமையும் இதற்குக் காரணமாகும். சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் படம் கண்ணுக்குத் தெரியும். வேண்டிய பகுதியை வெட்டி ஒட்டித் தொகுக்கலாம்.

அடுத்த ஆண்டே, 1956இல், அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனம் காந்த ஒளிநாடாப் பதிவுக் கருவியை வெளியிட்டது. நாடாவில் படம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தொடக்கத்தில் தொகுப்போர், இரும்புத்துகள் கலந்த நீர்மத்தை நாடாவில் தடவிக் காந்தத் தடத்தை உருப்பெருக்கியால் கண்டறிந்து வெட்டினர். பதிவுக் கருவி முன்னே வந்தது. தொகுப்பதற்கேற்ற வசதி பின்னரே வந்தது. இம்முறை பின்னும் தொடர்ந்தது.

1995இல் டி.வி. எனும் எண்முறை நாடா வந்தது. அதில் ஒவ்வொரு படமும் தனித்து நிற்கும். செய்யுள் வகையுள் தனித்து நின்று பொருள் முடியும் முத்தகத்தைப் போன்றது எனலாம். எனவே கணினியில் எவ்விடத்தும் எளிதில் வெட்ட இயன்றது. 2006இல் சோனியும் பானசோனிக்கும் அறிவித்த ஏ.வி.சி.எச்.டி. வடிவமோ குளகத்தை ஒத்தது. குளகத்திற் பல பாட்டுகள் ஒரு வினை கொண்டு முடிவது போல, இதில் சில படங்களே முழுமையாகப் பதியும். மற்றவை அண்டைப் படங்களினின்று மாறுபடும் பகுதியை மட்டும் கொண்டிருக்கும். ஒரு படத்தைக் காட்ட அண்டைப் படங்களையும் கணினி விரித்தறிதல் வேண்டும். குறைந்த இடத்தில் தெளிந்த காட்சி கிடைத்தது. தொகுப்புச் சுமையோ பெருகிற்று.

பெயர்பெற்ற மென்பொருள்கள் பல இதனை உடனே ஏற்கவில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் ஐமூவி 2007இல் ஏற்றபோதும், பதிவை வேறு வடிவத்திற்கு மாற்றிய பின்னரே தொகுத்தது. மாற்றிய கோப்பும் பன்மடங்கு பெரிதாயிற்று. அடோபியின் பிரீமியர் புரோ, மாற்றாமல் உள்ளவாறே ஏற்றது 2008இல்தான்.

புதிய வடிவத்திற்குத் தொகுப்புக் கருவி காலம் தாழ்ந்தேனும் வந்துவிடும். பழைய வடிவத்தைப் படிக்கும் கருவியோ மறைந்துகொண்டே போகும். இதுவே பெருங்கவலை. வி.எச்.எஸ். நாடாக் கருவியை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் அத்தொழிலை நிறுத்தியது. கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. தோட்ட மக்கள் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அத்தோட்டங்களில் நடந்த திருமணமும் கோயில் திருவிழாவும் பதிந்த நாடாக்கள் இன்னும் வீட்டு அலமாரிகளில் உள்ளன. அவற்றைப் படிக்கும் கருவி இல்லையேல் அவை இருந்தும் இல்லாதனவே.

இதற்குரிய வழி தமிழர்க்குப் புதிதன்று. ஓலை செல்லரிக்கும் என்றறிந்த முன்னோர் தலைமுறைதோறும் ஏடு பெயர்த்தெழுதினர். அவ்வாறு எழுதியதனாலன்றோ, 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஏடுகள் எஞ்சியிருந்தன! படிக்கும் கருவி இயங்கும்போதே, பலரும் பயன்படுத்தும் வடிவத்தில் படியெடுத்து, மூலத்தையும் போற்றிவைத்தல் கடனாகும். பதிந்தவர் பாதி செய்தார்; படியெடுப்பவரே மறுபாதியை முடிப்பவர்.