மேய்ச்சல் நிலத்துத் தழைச்சத்து இழப்பு

மேய்ச்சல் நிலத்துத் தழைச்சத்து இழப்பு என்பது, புல்லும் கிளோவர் முதலிய பயறினச் செடிகளும் கலந்து வளரும் மண்ணிலிருந்து நைட்ரஜன், நைட்ரேட்டாக ஜலத்தில் கரைந்து கீழிறங்கியும், அம்மோனியா, நைட்ரஸ் ஆக்ஸைடு முதலிய வாயுக்களாக ஆகாயத்தில் கலந்தும் நீங்குவதாகும். 1888-இல் நுண்ணுயிரியலாளர் பெய்ஜரிங்க் பிரித்தெடுத்த வேர்முடிச்சுப் பாக்டீரியா காற்றிலிருந்து ஈட்டித் தரும் சத்தை, உரச்செலவின்றி வந்த லாபமென்று மட்டும் கருதுவது பொருந்தாது. கிளோவரைத் தின்ற கால்நடை அதிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதியைச் சிறுநீராகவே வெளியேற்றுவதால், அது விழுந்த சிறு திட்டுகளில், புல்வேர்கள் உறிஞ்சவியலாத அளவு சத்துக் குவிந்து, அடுத்த பெருமழையில் கரைந்தோடுகிறது. கிக்குயு புல்லும் வெண் கிளோவரும் சேர்ந்து வளரும் நீலகிரித் தரைகளில் பருவமழை இக்கசிவுக்கும், நீர் தேங்கிய இடத்தில் பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கும் விக்ரியைக்கும் ஒருங்கே அனுகூலமானது. இவ்வாறு வெளிப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவினும் ஏறத்தாழ 273 மடங்கு வெப்பமூட்டும் தன்மையது.