மருந்து அலமாரியின் சரித்திரம்

எழுத்தாளனின் தற்கொலையை அவனுடைய படைப்புகளில் ஒன்றாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். இருபத்தைந்து வயதில் நானும் அப்படித்தான் வாசித்தேன். இத்தாலிய எழுத்தாளர் செஸாரே பவேஸெ 1950 ஆகஸ்டில் டூரின் நகரத்து ஓட்டல் அறையொன்றில் தூக்க மருந்தால் இறந்துபோனார். அது அவருடைய கடைசிக் கவிதை என்கிற தோரணையில் ஒரு கட்டுரை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அந்தக் கட்டுரையை வாபஸ் பெறுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

காம்யு 1942இல் வெளியிட்ட 'சிசிஃபஸின் தொன்மம்' தற்கொலையைத் தத்துவத்தின் முதற் கேள்வியாக வைத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரேசில் நாட்டுப் பெட்ரோபொலிஸில் ஸ்டெஃபான் ஸ்வைக்கும் அவர் மனைவியும் தூக்க மருந்தால் இறந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து யுகத்தின் மனசாட்சி என்றெல்லாம் பேச நமக்குத் தெரியும். ஆனால் ஸ்வைக்கையும் பவேஸெயையும் இணைக்கும் கண்ணி இன்னொன்றும் உண்டு. அது ஒரு ரசாயனக் குடும்பம். பார்பிட்டூரிக் அமிலத்திலிருந்து எமில் ஃபிஷரும் யோஸஃப் ஃபான் மேரிங்கும் கண்ட தூக்க மருந்து 1903இல் உலகுக்குத் தெரியவந்தது. வெரோனால் என்று அதற்குப் பெயர். 1912இல் லூமினால் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் மேலைநாட்டு நடுத்தர வர்க்கத்தின் படுக்கையருகே இருந்தவை இந்தக் குடும்பத்து மருந்துகளே. தூக்கம் வராதவன், மனம் சோர்ந்தவன், குடிப்பவன் என யாருக்கு ஆபத்து அதிகமோ, அவன் கையிலேயே அவை கொடுக்கப்பட்டன.

நஞ்சியல் ஆய்வுக்கூடத்தின் பேரேட்டில் தத்துவம் கிடையாது. எந்த வருஷத்தில் எந்த மருந்து வீடுகளில் இருந்தது என்பதுதான் அதில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 1960 முதல் அங்கே அரசு மானியத்தில் தூக்க மருந்துகள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தன. தற்கொலை விகிதம் ஏறியது. ஏற்றத்தின் பெரும் பகுதி இந்த மருந்துகளால் நேர்ந்த சாவு. 1967 ஜூலையில், ஒரு சீட்டுக்குத் தரப்படும் அளவு கட்டுப்படுத்தப்பட்டது. விகிதம் இறங்கிற்று. ஆலிவர், ஹெட்ஸல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை 1972இல் எழுதினார்கள். அந்த ஏழு வருஷத்துக்கு மட்டும் ஆஸ்திரேலியர்களின் பிரக்ஞையில் அபத்தம் குடிபுகுந்து, பிறகு காலி செய்துகொண்டு போனது என்று யாராவது சொல்வார்களா?

சாக முடிவு செய்தவன் வேறு வழி தேடிக்கொள்வான் என்பது நம்முடைய வழக்கமான பதில். முடிவு என்ற சொல்லின்மேல் நமக்கிருக்கும் மோகம் இது. பிரிட்டனில் கோ-புராக்ஸமால் என்ற வலி மருந்து 2005 தொடங்கி 2007க்குள் திரும்பப் பெறப்பட்டது. அதனால் நேர்ந்த சாவுகள் சரிந்தன. மற்ற வலி மருந்துகளால் நேரும் சாவுகள் அந்த இடத்தை நிரப்பவில்லை. அதற்கு முன் 1998 செப்டம்பரில் பாரசிட்டமால் பொட்டலங்கள் சிறிதாக்கப்பட்டன. அடுத்த 11 ஆண்டுகளில் ஏறத்தாழ 765 சாவுகள் குறைந்தன என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கீத் ஹாட்டனும் சகாக்களும் 2013இல் கணக்கிட்டார்கள். அட்டைப்பெட்டியின் அளவு மாறியதில் இத்தனை பேர்.

பேரேட்டுக்கும் எல்லை உண்டு. ரத்தத்தில் இருந்ததை அது சொல்லும். மனத்தில் இருந்ததைச் சொல்லாது. 1962இல் மர்லின் மன்றோ இறந்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் மரண விசாரணை அதிகாரி மனநல நிபுணர்களை அழைக்க வேண்டியிருந்தது. அவர்களும் 'தற்கொலையாக இருக்கக்கூடும்' என்ற அளவில்தான் நிற்க முடிந்தது. இன்று அமெரிக்காவில் ஒரே உடலில் பல மருந்துகள் காணப்படும்போது, விபத்தா விருப்பமா என்ற கேள்வி இன்னும் குழம்புகிறது. மனச்சோர்வு, தீராத வலி, மது, தனிமை, முன்பே ஒரு முறை முயன்றது எல்லாம் காரணங்கள்தான். ஆனால் முன்பு முயன்றவர்களில்கூட மிகப் பெரும்பாலோர் பின்னால் அவ்வழியில் இறப்பதில்லை. இறக்கும் விருப்பம் வந்து போகிற ஒன்று. அது வந்த இரவில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதே பல சமயம் மிச்சத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

எங்கள் வட்டத்துக் கவிஞர் ஒருவர், பல வருஷம் கழித்து ஒன்று சொன்னார். அப்படியொரு இரவில் அவர் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீட்டு இல்லாம தர மாட்டேன் சார். காலைல டாக்டரப் பாத்துட்டு வாங்க" என்றாராம். வீட்டுக்கு வந்து விழித்தே கிடந்தாராம். காலையில் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். பிறகு வைத்தியம் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் சுமாரான கவிதைகள் நிறையவும், நல்ல கவிதைகள் சிலவும் எழுதினார். போன மாதம்கூட என் வீட்டில் காபி சாப்பிட்டார்.

அந்த இரவு, பவேஸெ பற்றிய என் கட்டுரை வந்த இதழ் அவர் மேஜைமேல் இருந்ததாம். குற்றம் சாட்டுகிற குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. நான்தான் ஒன்றும் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பவேஸெயின் கவிதைகளைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது. அவருடைய சாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அந்தக் கடைக்காரருக்கு அதிகம் தெரிந்திருந்தது.